கறுப்பு பானெட்டின் இடப்பாதி

1

செப்டம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு, ஒரு வணிக வளாகத்தின் நிலவறையில் உள்ள கார் கழுவும் கூடத்துக்குள் கறுப்பு நிறக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் பானெட் முழுவதும், இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும் வெள்ளை நீர்ப்புள்ளிகள் இருந்தன. வலப்பக்கக் கதவுகளில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கதை அந்த மூன்றாம் வாக்கியத்தில்தான் தொடங்கியது. ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் சுத்தம். மழை அப்படிப் பெய்யாது.

நான் அங்கே கதைக்காகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார இதழ் ஒன்றில் வீட்டுச் சந்தேகங்கள் பற்றி ஒரு பத்தி எழுதுகிறேன். வெள்ளிப் பாத்திரம் ஏன் கறுக்கிறது, மரக்கதவு ஏன் மழைக்காலத்தில் இறுகுகிறது, இந்த மாதிரி. அறுநூறு சொல். அந்த வாரத்துக்கு விஷயம் எதுவும் சிக்கவில்லை. அப்போது அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டேய், உங்க மாமா வண்டியப் பாத்தியா? அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"தொடைக்கிறது இல்லையா?"

"தொடைக்காம என்ன? காலையில காபி குடிக்கிறாரோ இல்லையோ, துணிய எடுத்துட்டுக் கீழ எறங்கிடுவாரு. அரை மணி நேரம் தேய்ப்பாரு. மேல வந்து பளபளன்னு இருக்குங்குறாரு. நான் போய்ப் பாத்தா புள்ளி வச்ச எடத்துல அப்படியே இருக்கு. துணிதான் சரியில்லையோ என்னவோ. எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டேன்."

[இந்தப் பேச்சிலேயே முழுக் கதையும் இருக்கிறது. அக்காவுக்கு அது தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டதென்றால் நீங்கள் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரர். தயவுசெய்து இன்னும் கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி இருங்கள்.]

2

எழுதிப் பார்த்து விட்டுவிட்ட தொடக்கங்கள்:

'தண்ணீர் போய்விடும். அது கொண்டுவந்தது போகாது.' எழுதிய அன்று பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது யாரோ காவி கட்டிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

'கறுப்புக் கார் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் தாங்களே கழுவுவார்கள். மற்ற வகையினர்' — மற்ற வகையினரை எனக்குத் தெரியாது. வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

'மாமா இருபத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த "விபத்தில்லா ஓட்டுநர்" கேடயம் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கேடயத்தை முதல் வரியில் மாட்டினால் கடைசி வரியில் ஏதாவது நொறுங்க வேண்டும் என்று வாசகர் காத்திருப்பார். ஆகவே கேடயத்தை இரண்டாம் பகுதிக்குள் ஒளித்து வைக்கிறேன். அது அங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமா என்பது அக்காவின் கணவர். அறுபத்தெட்டு வயது. பேருந்து அலுத்துப்போகும்வரை ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு தனக்கென்று ஒரு கறுப்புக் கார் வாங்கினார். பதினோரு வருடமாக அதே கார். அக்கா மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்கள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண்ணைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது மாமாவின் பொறுப்பு. அவர் அதை ஒரு வழித்தடம் போலத்தான் நடத்துகிறார். ஏழு பத்துக்குப் புறப்பாடு. ஒரு நிமிடம் தாமதித்தால் ஹாரன் அடிப்பார், சொந்தப் பேத்தியாக இருந்தாலும்.

3

கூடத்தில் பாலிஷ் வேலை செய்பவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் பிரதியில் இவரை ஆணாக்கியிருந்தேன். ஆண் என்றால் வாசகர் ஒன்றும் கேட்கமாட்டார். பெண் என்றால் இந்த வேலைக்கு எப்படி வந்தார், வீட்டில் யார் யார், கணவர் என்ன செய்கிறார் என்றெல்லாம் கேட்பார். பதில் சொல்ல எனக்கு ஒரு பக்கம் செலவாகும். பிறகுதான் யோசித்தேன். நானே அவரிடம் அதையெல்லாம் கேட்கவில்லை. என் வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று அவரும் கேட்கவில்லை. எனவே பெண்ணாகவே இருக்கட்டும்.

கூடத்தில் எல்லாரும் அவரைப் 'பாதி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "பாதி வந்தாச்சா?" "பாதி சாப்பிடப் போயிருக்கு." முதலில் எனக்குப் புரியவில்லை. எந்த வண்டி வந்தாலும் அவர் பானெட்டின் நடுவில் நீளமாக டேப் ஒட்டுவார். ஒரு பாதியை மட்டும் முடிப்பார். டேப்பை உரித்துவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்தப் பக்கம் பண்ணிருக்கேன்?" சரியாகச் சொன்னால்தான் மறுபாதி. சொல்லத் தெரியாவிட்டால் சாமான்களைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

"ஏன் அப்படி?" என்றேன். குறிப்பேடு ஏற்கெனவே கையில் இருந்தது.

"பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு சார். தலைமுடி கனம்கூட இருக்காது. மெஷின் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அதுல கொஞ்சம் போகும். போனது போனதுதான். வண்டிக்காரருக்கே வித்தியாசம் தெரியலைன்னா, எதுக்கு அதக் கரைக்கணும்?"

அவர் செய்ததை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். இந்தப் பகுதி பின்னால் பத்தியில் அப்படியே வந்தது.

முதலில் வண்டியை நிழலில் கழுவித் துடைத்தார். வெயிலில் கழுவினால் தண்ணீர் ஓடுவதற்கு முன்பே காய்ந்து புதுப் புள்ளி வைத்துவிடும். பிறகு வெள்ளை வினிகரையும் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் புள்ளிகள் மேல் போர்த்தினார். ஒரு நிமிடம். காயவிடவில்லை, உடனே அலசினார். கால்வாசிப் புள்ளிகள் போய்விட்டன. அடுத்து, பிசைந்த மாவு போன்ற ஒரு கட்டி. சோப்புத் தண்ணீரைத் தெளித்து அதன் மேல் கட்டியை வழுக்கவிட்டார். முதலில் சரசரவென்று சத்தம் வந்தது. நாலைந்து இழுப்பில் சத்தம் நின்றது.

"சத்தம் நின்னா மேல ஒட்டிருந்தது வந்துடுச்சுன்னு அர்த்தம். இன்னும் தெரியுது பாருங்க, அது புள்ளி இல்ல சார், குழி. உப்பு உள்ள எறங்கி அரிச்சிருக்கு. அதுக்குத்தான் மெஷின்."

மாமா பின்னால் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதி அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, தெனம் காஞ்ச துணியால தொடைப்பீங்களோ?"

"தொடைக்காம? ஒரு நாள் விட்டதில்ல."

"அதான் சிலந்தி வலை மாதிரி கீறல். குளிப்பாட்டாம தலைய மட்டும் தொவட்டிவிட்டா என்ன ஆகும்?"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டுக்கோ மாப்ளே. உங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லு, துணி மேல தப்பு இல்ல, ஆள் மேலதான்னு."

பாதி கதவருகே குந்தி உட்கார்ந்து புள்ளிகளை விரலால் தொடர்ந்தார். "இது கழுவினதால வந்த கறை இல்ல. புல்லுக்குத் தண்ணி சுத்திச் சுத்தி அடிக்குமே, அது. வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. தெனமும் ஒரே எடம், ஒரே நேரம். மூணு மாசமாவது இருக்கும். எங்க ஐயா நிறுத்துறீங்க?"

"எங்க நிறுத்துறேன்? வீட்டுலதான்."

அக்கா வீட்டில் புல் இல்லை. சிமென்ட் தரையும் ஒரு துளசித் தொட்டியும்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தேநீர் குடிக்க மேலே போவதாகச் சொல்லிப் படியேறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

4

[இந்தக் கதையில் இடம், வலம் என்றால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் எது இடமோ அது இடம். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.]

ஒரு மணி நேரத்தில் இடப்பாதி முடிந்தது. பாதி டேப்பை உரித்தார். இடப்பாதியில் கூரையின் குழாய்களும், டியூப் லைட்டும், குனிந்து பார்த்த என் மூக்கும் தெரிந்தன. வலப்பாதியில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள். நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. இதில் எது செய்த பக்கம் என்று கேட்பதே எனக்குக் கொஞ்சம் விளையாட்டாகத் தோன்றியது.

மாமா இறங்கி வந்தார். பேருந்துக் காலத்தில் டயரைப் பார்ப்பதுபோல் லேசாகக் குனிந்து, தலையைச் சாய்த்து, நேரமெடுத்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பண்ணிருக்கேன் ஐயா?"

"இது ஒரு கேள்வியாம்மா? வலப்பக்கம். என்ன பளபளப்பு! தலை சீவிக்கலாம் போல இருக்கே."

பாதி தன் வேலையைப் பார்த்தார். கை விளக்கைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தார். எங்கே தவறு என்று முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தார் என்று நினைக்கிறேன். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டிப் பானெட்டின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தடவினார். வலப்பாதியில் சொரசொரப்பு. இடப்பாதியில் கை வழுக்கிப் போனது.

"சும்மா சொன்னேம்மா. தொழில் தெரிஞ்ச பொண்ணா, நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுறியான்னு பாத்தேன். இடப்பக்கம்தான்."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பல பிரதிகளில் பல காரணம் எழுதிப் பார்த்தேன். அவரைக் காப்பாற்ற, சங்கடத்தைத் தவிர்க்க, பழக்கத்தால். எதுவும் ஒட்டவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

பாதி சிரிக்கவில்லை. "மெஷின்ல மாட்டுற பேட் கிழிஞ்சுபோச்சு ஐயா. புதுசு வரணும். இன்னொரு பாதி அப்புறம் பண்ணிக்கலாம்."

அவருக்குப் பின்னால் சுவரில் ஆறு புதுப் பேட்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன.

மாமா வண்டியைக் கிளப்பப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "பாக்காம சரின்னு சொன்னதுக்கு நான் மெஷின் வைக்கமாட்டேன் சார். வீட்டுல சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நீங்கதான எழுதுறவரு."

5

இப்போது உங்களுக்கும் எனக்கும் ஒரே அளவுதான் தெரியும். மாமாவுக்குப் பார்வை மங்கியிருக்கிறது, அதை மறைக்கிறார். மறுநாள் காலை ஏழு பத்துக்கு அவர் பேத்தியை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். ஒரு நல்ல மனிதர் அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டிருப்பார்.

நான் அந்த மாலையில், புல்வெளி எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.*

* என் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. ஒரு தடவை தப்பாகச் சொன்னதை வைத்து ஒரு மனிதரின் சாவியைப் பிடுங்க முடியுமா? உறுதிப்படுத்த வேண்டாமா? இது நல்ல வாதம். இருபது வருடம் செய்தித்தாளில் வேலை செய்தவனுக்கு இந்த மாதிரி வாதம் எப்போதும் கைவசம் இருக்கும்.

வியாழக்கிழமை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். சுற்றுச்சுவரை ஒட்டி நீளமான புல்தரை. நடுவில் சுழலும் தண்ணீர்க் குழாய். டிக் டிக் டிக் என்று வளைந்து வந்து, வண்டிகள் நிறுத்தும் வரிசையில் ஓரமாக இருந்த ஓர் இடத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. மற்ற எல்லா இடத்துக்கும் வண்டிகள் அடித்துக்கொண்டன. முன்னே போய், பின்னே வந்து, கண்ணாடியை மடக்கி, ஒருவரையொருவர் திட்டி. நனைகிற இடம் மட்டும் காலி.

கறுப்புக் கார் வந்தது. மெதுவாக, நேராக, அந்த இடத்துக்குள் போய் நின்றது. போகும்போதும் நேராகவே வெளியேறலாம். பின்னால் எடுக்கவே தேவையில்லை. அந்த வரிசையில் அப்படி இருந்தது அந்த ஓர் இடம்தான்.

மூன்று மாதமாக அவருடைய பானெட்டில் உப்பு ஏறிய காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு இருந்தது கவலை இல்லை, சந்தோஷம். கணக்குப் போட்ட விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப்போனால் வருகிற சந்தோஷம்.

பேத்தி பையோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"மாமாத் தாத்தா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"சும்மாதான். தாத்தாவோட ஜாலியா வந்தியா?"

"நாங்க சிக்னல் விளையாட்டு விளையாடினோம். இன்னிக்கும் நான்தான் வின்னு."

"அது என்ன விளையாட்டு?"

"சிகப்பா பச்சையான்னு நான்தான் சொல்லணும். நான் பச்சைன்னு சொன்னாத்தான் தாத்தா போவாரு. தாத்தா முதல்ல சொல்லிட்டா தாத்தா வின்னு. ஆனா தாத்தா சொல்லவே மாட்டாரு. ஸ்லோ."

"நீ எப்பவாவது தப்பா சொல்லிருக்கியா?"

அவள் யோசித்தாள். "ஒரே ஒரு தடவ."

"அப்புறம்?"

"எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. தாத்தா வண்டிய ஓரமா நிறுத்திட்டாரு."

மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள்.

6

இந்தப் பகுதியை மூன்று பிரதிகளில் எழுதாமல் தாண்டினேன். அவற்றில் நான் வியாழக்கிழமையே மாமாவின் கார்க் கதவைத் தட்டுகிறேன். படிக்க நன்றாகவே இருந்தது. நடந்தது வேறு.

வியாழக்கிழமை நான் வீட்டுக்குப் போய்க் குழந்தை சொன்னதைச் சொல் பிசகாமல் எழுதிவைத்தேன். இரவே அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். என் வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது, காலையில் மாமாவோடு வருகிறேன் என்று சொன்னேன். என் வண்டி வாசலில்தான் நின்றது.

நேரில் பார்க்க விரும்பினேன். கேட்டதை எழுதுவது வேறு, பார்த்ததை எழுதுவது வேறு.

வெள்ளிக்கிழமை ஏழு பத்துக்கு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை பின்னால். வெயில் நேர் எதிரில், தாழ்வாக இருந்தது. ஐந்து சிக்னல்கள். மாமா அழகாக ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை, முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு அளவோடு போனார். சாலை அவர் கைக்கு மனப்பாடம். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் காத்திருந்தார்.

"பச்சை!"

போனோம்.

"சிகப்பு தாத்தா, சிகப்பு! நில்லுங்க!"

நின்றோம்.

"பச்சை! நான் வின்னு!"

ஐந்தையும் அவள் சரியாகச் சொன்னாள். நான் ஐந்தையும் குறித்துக்கொண்டேன். நேரத்தோடு. அந்தக் குறிப்பு இப்போதும் இருக்கிறது: 7.14, 7.19, 7.22, 7.26, 7.31.

நனைகிற இடத்தில் நின்றோம். குழந்தை இறங்கி ஓடினாள். மாமா இன்ஜினை அணைத்தார். தண்ணீர் வந்து கண்ணாடியில் அடித்தது, போயிற்று, மறுபடி வந்தது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார்.

"புதன்கிழமை. பாதி அந்தக் கேள்வி கேட்டப்போ."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

அவர் ஒரு முறை வைப்பரைப் போட்டார்.

"நேத்து ஸ்கூல் வாசல்ல நின்னது நீதான?"

"தெரிஞ்சுதா?"

"மூஞ்சி தெரியல. நிக்கிற கோணல்ல தெரிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "அப்போ குழந்தைகிட்டப் பேசிருப்ப. அவ சொல்லிருப்பா. எல்லாம் தெரிஞ்சும் இன்னிக்கு அவளையும் பின்னால உக்காரவச்சுக்கிட்டு, கூடவே ஏறி வந்திருக்க."

நான் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"எனக்குக் கண்ணு தெரியல மாப்ளே. உனக்கு என்ன?"

தண்ணீர் வந்து அடித்தது.

பிறகு அவரே பேசினார். "போன வருஷமே டாக்டர் சொன்னாரு, புரைன்னு. ரெண்டு கண்ணும். முத்தட்டும் பாத்துக்கலாம்னு விட்டேன். முத்திடுச்சு. கண்ணுல கத்தி வைப்பாங்கன்னு நெனச்சாலே பயமா இருக்கு. அதோட, காலையில இந்த ஒரு வேலைதான் எனக்கு. இதுவும் போச்சுன்னா அந்த வீட்டுல நான் யாரு? இன்னொரு நாற்காலி. அதுவும் மடக்கி வைக்க முடியாத நாற்காலி."

"அதுக்காகக் குழந்தைய..."

"தெரியும்டா. அன்னிக்கு ஹாரன் அடிச்சாங்களே, அன்னிலேந்து தெரியும்." சாவியை உருவினார். என் பக்கம் நீட்டினார். இடைவெளியைச் சரியாகக் கணிக்காமல் என் முழங்காலில் இடித்தார். "ஓட்டு."

நான் ஓட்டினேன். வீடு வரைக்கும் அவர் இரண்டு வாக்கியம்தான் பேசினார். இரண்டும் ஒன்றே: "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இருக்காத."

7

முடிவுகள்.

(அ) கேடயம் கேட்கும் முடிவு. வெள்ளிக்கிழமை நாலாவது சிக்னல், 7.26, வெயில் நேராகக் கண்ணில். குழந்தை பச்சை என்று — நாலு வரி எழுதினேன். கதை சட்டென்று உயரமாகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அழித்துவிட்டேன். யாராவது எங்காவது அந்த நாலு வரியைத் தாங்களே நிரப்பிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

(ஆ) பாதி வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் முடிவு. அவர் அக்கா வீட்டைத் தேடிப்பிடித்து வந்து உண்மையைச் சொல்கிறார். அவருக்கு அக்கா வீடு தெரியாது. அவருக்கு அன்று மேலும் நான்கு வண்டிகள் இருந்தன.

(இ) அக்காவிடம் யார் சொன்னது என்பதுதான் மிச்சம். நான் சொன்னதாக எழுதி, இதை மாமாவிடம் படித்துக்காட்டினேன். அவருக்குக் கதையில் பல ஆட்சேபணைகள். தான் தேநீர் குடிக்கப் போகவில்லை, கழிப்பறைக்குப் போனதாகச் சொன்னார். கியர் மாறுவதே தெரியவில்லை என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க அக்காகிட்ட நானே போய்ச் சொன்னேன்னு எழுதேன்."

"அப்படியா நடந்துது?"

"நடந்தத மட்டும்தான் எழுதுவியா? அந்தப் பொண்ண முதல்ல ஆம்பளையா ஆக்கிருந்தியாமே."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சொல்லல. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் திருடனுங்க மாதிரி வந்து நின்னீங்க. நான்தான் கேட்டேன். எழுது, நான் கேட்டேன்னு."

ஆக மூன்று இருக்கின்றன. மாமா தானாகச் சொன்னார், நான் சொன்னேன், அக்கா கேட்டுப் பிடித்தாள். மூன்றும் அதே அறையில், அதே வெள்ளிக்கிழமை, தொலைக்காட்சிக்கு மேலே அதே கேடயம். எது உங்களுக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மாமாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. சாவியை அவரே நீட்டினார் அல்லவா?

ஆனால் ஒரு நிபந்தனை. நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும், வியாழன், வெள்ளி என்று என்னுடைய இரண்டு காலைகள் கதையில் இருந்தாக வேண்டும். அவற்றை எடுத்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்? எம் மூணு மாசத்த எழுதிருக்க. உன் ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்றார்.

8

நீர்ப்புள்ளி பற்றிய பத்தி செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி இதழில் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு சொல். அதில் மாமா இல்லை.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து குழந்தை பள்ளி வேனில் போகிறது. வேன் ஓட்டுநர் சிக்னல் விளையாட்டுக்கு வர மறுக்கிறார் என்று புகார் சொல்கிறாள்.

அக்டோபர் ஆறாம் தேதி மாமாவுக்கு வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இருபத்தேழாம் தேதி இடக்கண்ணில். ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. மறுபடி எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவர் டிசம்பரில் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.

நவம்பர் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்றுக்கு அதே கார் அதே கூடத்துக்கு வந்தது. அக்கா மகள் ஓட்டி வந்தாள். பானெட் இரண்டு மாதமாக அப்படியே இருந்தது. பாதி, மாமாவைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் பண்ணியிருக்கிறேன் என்று கேட்டார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடப்பக்கம் என்றார். வலப்பாதியை முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. பூச்சுக்குள் ஆழமாக இறங்கிவிட்ட புள்ளிகளை அவர் மேற்கொண்டு தேய்க்கவில்லை. மிஞ்சியவற்றை மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம். நான் எண்ணியது ஏழு. பாதி எண்ணியது ஒன்பது. மாமா எண்ணியது ஒன்பது.